மாமியார் செத்துப் பிழைத்த வருஷம்

சோலைமுத்துவின் கையெழுத்து பார்க்க அம்சமாயிருக்கும். தமிழில் போட மாட்டான், இங்கிலீஷில்தான். முதல் எழுத்தைப் பெரிதாக வளைத்து, கடைசி எழுத்தின் வாலை இழுத்து வந்து, அடியில் இரண்டு கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளியும் வைப்பான். இவ்வளவு சிரத்தையாகக் கையெழுத்துப் போடுகிறவன் அதில் நிற்பான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். சுந்தராம்பாளின் அப்பாவும் அப்படித்தான் நினைத்தார்.

1971இல் சுந்தராம்பாள் திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். வயது இருபத்தாறு, வீட்டில் கவலைப்பட ஆரம்பித்திருந்தார்கள். அப்போது வந்த வரன்தான் சோலைமுத்து. சொந்த ஊர் பெரியகுளம். ரயில்வே டீமில் பாஸ்கெட்பால் ஆடியவன், ஆறடி இரண்டங்குலம், பாட்டியாலா போய்க் கோச் படிப்பும் முடித்தவன். கல்யாணமாகி எட்டு மாதம் கழித்து ஒரு சொந்தக்காரர் வாய்தவறிச் சொல்லித்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. அவளுக்கு முன்னால் தேனியில் நாகவள்ளி என்ற பெண்ணோடு அவனுக்கு நிச்சயம் முடிந்திருந்தது. அப்பா இல்லாத பிள்ளை என்பதால் லக்னப் பத்திரிகையில் அவனே கையெழுத்துப் போட்டிருந்தான். திருச்சியிலிருந்து உத்தியோகம் பார்க்கிற பெண் கிடைக்கிறாள் என்றதும் நாகவள்ளி ஜாதகத்தில் திடீரென்று ஒரு தோஷத்தைக் கண்டுபிடித்து அங்கே கைகழுவிவிட்டான். சுந்தராம்பாளுக்கு அழுகை வரவில்லை, அருவருப்பாக இருந்தது. அதை வெளியே காட்டாமல் சமையலைப் பார்த்தாள்.

வேலையிலும் அவன் லட்சணம் அதுதான். ரயில்வேயை விட்டு ஒரு மில் டீமுக்குப் போனான். மில்லில் ஐந்து வருஷத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பதினோராம் மாதம் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரிக்குத் தாவினான். ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு காரணம் வைத்திருப்பான்; ஒரு தடவை முதுகுவலி, ஒரு தடவை குலதெய்வ உத்தரவு. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆட்டம் சொல்லிக் கொடுப்பதில் அவன் சூரன். பந்தைப் பார்க்காமல் பந்தைத் தட்டவும், ஆள் இல்லாத இடத்தை நோக்கி ஓடவும் அவன் பழக்கிய பையன்கள் பழகினார்கள். அந்த இரண்டாவது வித்தையில் வாத்தியாருக்கே நல்ல பயிற்சி இருந்தது.

தூத்துக்குடியில் ஒரு போட்டியின்போது செய்கு அலாவுதீன் அவனைப் பார்த்தார். காயல்பட்டினத்துக்காரர், பஹ்ரைனில் மனாமா கடைத்தெருவில் கைக்கடிகாரமும் டிரான்சிஸ்டரும் விளையாட்டு ஷூவும் விற்கிற கடை வைத்திருந்தார். அவரிடம் சரக்கு எடுக்கும் அல் நக்லா கிளப் ஏழு வருஷமாகக் கடைசி இடத்தை யாருக்கும் விட்டுக் கொடுக்காமல் இருந்தது. கிளப் தலைவர் அபு ராஷித், ஊருக்குப் போகிறபோது நல்ல கோச் ஒருவரைப் பார்த்து வாருங்கள் என்று அலாவுதீனிடம் கேட்டிருந்தார். இப்படித்தான் 1975இல் சோலைமுத்து பஹ்ரைன் வந்தான். ஆறு மாதத்தில் சுந்தராம்பாளும் வந்து சேர்ந்தாள். வருவதற்காக அவள் நிரந்தர உத்தியோகத்தை ராஜினாமா செய்தாள். அவன்தான் செய்யச் சொன்னான். அடுத்தவர் வேலையை விடச் சொல்வதிலும் அவனுக்குத் தயக்கம் கிடையாது.

கிளப் அவர்களுக்கு ஈசா டவுனில் ஒரு வீடு கொடுத்தது. குழந்தை இல்லை. பகலெல்லாம் ஏசி சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது? இந்தியப் பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு ஆள் வேண்டும் என்றார்கள், போனாள். கணக்கு என்றாலே முகம் வெளுக்கும் பிள்ளைகள், தங்களுக்குள் இங்கிலீஷிலேயே பேசிக்கொள்ளும் பிள்ளைகள், ஒரே வருஷத்தில் அவள் வகுப்புக்கு மணி அடிப்பதற்கு முன்பே வந்து உட்கார்ந்தார்கள். 1977இல் மேல்வகுப்புக் கணக்கு முழுவதையும் அவள் பொறுப்பில் விட்டார்கள். அவள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து கைப்பிடித்துக் கூட்டிவந்த முப்பத்தொரு பிள்ளைகள் வருகிற மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத இருந்தார்கள். சோலைமுத்து பெண்டாட்டி என்று அங்கே யாரும் அவளைச் சொல்லவில்லை. கணக்கு மிஸ் என்றார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் தொடர்ந்து இருக்க வேண்டும்; வாழ்க்கையில் அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

அதற்கு ஒரு பெரிய முட்டுக்கட்டை இருந்தது. அவளுக்கென்று பாஸ்போர்ட் கிடையாது. அந்தக் காலத்து வழக்கப்படி புருஷனின் பாஸ்போர்ட்டில், அவன் போட்டோவுக்குப் பக்கத்திலேயே அவள் போட்டோவை ஒட்டி, கீழே மனைவி என்று எழுதியிருந்தார்கள். அவன் எந்தத் தேசத்துக்குப் போனாலும் அவளும் அந்த நோட்டோடு போயாக வேண்டும். அந்த நோட்டும் கிளப்பின் இரும்புப் பெட்டியில் இருந்தது.

1977 செப்டம்பரில் சோலைமுத்துவின் இரண்டு வருஷம் முடிந்தது. அல் நக்லா அதற்குள் மூன்றாவது இடத்துக்கு வந்திருந்தது. அபு ராஷித் தன் வீட்டு வரவேற்புக் கூடமான மஜ்லிஸில் ஆட்டக்காரர்கள் எல்லோரையும் உட்காரவைத்து, இன்னும் மூன்று வருஷத்துக்குப் புது ஒப்பந்தம் போட்டார். தாள் அரபியில் இருந்ததால் அலாவுதீன் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகத் தமிழில் சொன்னார்: மூன்று வருஷத்துக்கு நடுவில் வேறு கிளப்புக்குப் போகக் கூடாது, அவர்களும் நடுவில் அனுப்பக் கூடாது. சோலைமுத்து தலையாட்டித் தலையாட்டிக் கேட்டான். இரண்டு கோடும் இரண்டு புள்ளியும் அரபித் தாளிலும் எடுப்பாகத்தான் இருந்தன. அபு ராஷித் எழுந்து வந்து அவனைக் கட்டிப்பிடித்தார், பையன்கள் கைதட்டினார்கள்.

இருபத்தாறாம் நாள் துபாயிலிருந்து ஒரு கிளப் நட்பு ஆட்டத்துக்கு வந்தது. அதன் மானேஜர் சோலைமுத்துவை ஓட்டலுக்கு அழைத்துப் போய் விருந்து வைத்தார். கோச் என்ற சில்லறைப் பட்டம் வேண்டாம், டெக்னிகல் டைரக்டர் என்று போட்டுக்கொள்ளலாம் என்றார். ஏசி வைத்த டொயோட்டா கார் என்றார். சோலைமுத்துவுக்கு வேறென்ன வேண்டும்? ஓட்டல் பெயர் அச்சடித்த தாளிலேயே இங்கிலீஷில் நாலு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை, இட்லி தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, ஏதோ வாடகை வீடு மாற்றுகிற மாதிரி அவன் இதைச் சொன்னான். சுந்தராம்பாள் சட்னிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப போன மாசம் இங்க போட்டது?"

"இந்தா பாரு, அது அரபியில எழுதுனது. எனக்குத் தெரியாத பாசையில போட்ட கையெழுத்து எப்படிச் செல்லும்?"

வரி வரியாக அலாவுதீன் பாய் படித்துச் சொன்னாரே என்றாள். அவர் என்ன வக்கீலா என்று கேட்டுவிட்டு இன்னும் இரண்டு இட்லி போட்டுக்கொண்டான். என் பள்ளிக்கூடம் என்ன ஆவது, பிள்ளைகளுக்கு மார்ச்சில் பரீட்சை என்றாள். துபாயில் பள்ளிக்கூடம் இல்லையா என்றான். இந்த மனிதனோடு வாதாடுவது சுவரோடு பேசுவது என்று அவளுக்கு ஆறு வருஷமாகத் தெரியும். ஆனாலும் அன்று காலை முழுவதும் மனதுக்குள் பேசிக்கொண்டே துணி துவைத்தாள்.

நேராகப் போய் நான் விலகிக்கொள்கிறேன் என்று சொல்லும் தைரியமாவது இருந்ததா என்றால், அதுவும் இல்லை. சொன்னால் பாஸ்போர்ட்டைத் தர மாட்டார்கள். ஆகவே வளைகுடா முழுக்கப் பிரசித்தமான அந்த வழியைப் பிடித்தான். லீவு கிடைக்காதவனுக்கெல்லாம் அப்போது ஊரில் ஓர் அம்மா சீரியஸாக இருப்பாள். தந்திக்கு வாசகம்கூடத் தயார்: 'மதர் சீரியஸ், ஸ்டார்ட் இமீடியட்லி'. பெரியகுளத்தில் இருந்த தம்பி முத்துராமனுக்கு எழுதிப் போட்டான். நவம்பர் முதல் வாரம் தந்தி வந்தது. சோலைமுத்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அதைக் கிளப்புக்கு எடுத்துப் போனான். பெரியகுளத்திலோ அவனைப் பெற்றவள் சித்தி மகள் கல்யாணத்துக்கு நூறு முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அவன் கணக்குத் தப்பியது எங்கே என்றால், எல்லா முதலாளியும் தன்னைப் போலத்தான் இருப்பார் என்று நினைத்ததில். அபு ராஷித் சின்ன வயதில் பம்பாயில் வியாபாரம் பார்த்தவர். இந்தி நன்றாகப் பேசுவார். தந்தியைப் படித்துவிட்டு மடித்து மேஜையில் வைத்தார். பிறகு, சகோதரா, நீங்கள் போய் என்ன செய்வீர்கள், நீங்கள் டாக்டரா என்று கேட்டார். அம்மாவை இங்கே கொண்டுவருவோம், விசா நான் எடுக்கிறேன், பெரிய ஆஸ்பத்திரியில் என் மச்சான் டாக்டர், செலவு கிளப்பினுடையது, கூட ஒரு நர்ஸும் வரட்டும் என்றார். மறுநாளே விசாவுக்கு அம்மாவின் போட்டோ கேட்டு ஆள் அனுப்பினார். சோலைமுத்துவுக்கு வேர்த்துக் கொட்டியது. முறுக்குச் சுற்றுகிறவளை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து விமானம் ஏற்றுவது அவனாலும் முடியாத காரியம்.

அன்று சாயங்காலமே ஊருக்கு டிரங்க் கால் போட்டான். முத்துராமன் முதலில் மறுத்தானாம், பெத்தவளைப் பற்றி அப்படி எழுதக் கை வராது என்றானாம். ஒரு நேஷனல் பானசோனிக் டேப் ரெக்கார்டர் அனுப்புகிறேன் என்றதும் கை வந்துவிட்டது. மூன்றாம் நாள் இரண்டாவது தந்தி வந்தது. அம்மா இறந்துவிட்டாள்.

மீசையை எடுத்துவிட்டு வந்து நின்றான் சோலைமுத்து. மொட்டை அடிக்கவில்லை, முடி மேல் அவனுக்கு உயிர். மனாமாவில் துக்கம் கேட்ட தமிழர்களிடம், மொட்டை ராமேஸ்வரத்தில் போட்டுக்கொள்வதாக நாக்கூசாமல் சொன்னான். சுந்தராம்பாள் அந்த மொழுக்கென்ற மேலுதட்டைப் பார்த்தாள். உயிரோடு இருக்கிற தாய்க்கு மீசை எடுத்த மகனை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்றிலிருந்து அவன் தட்டில் சோறு போடும்போது அவன் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

அவள் அனுபவித்தது இதைவிட மோசம். அபு ராஷித்தின் மனைவி, எல்லோரும் உம்மு ராஷித் என்பார்கள், நாலு பெண்களோடு ஈசா டவுன் வீட்டுக்கு வந்தாள். கறுப்பு அபாயா அங்கியோடு தரையில் உட்கார்ந்து, சுந்தராம்பாளின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தன் தாய் போன கதையைப் பாதி அரபியும் பாதி இந்தியுமாகச் சொல்லி அழுதாள். பிளாஸ்கில் கஹ்வா என்கிற அரபுக் காபி, ஒரு கூடை பேரீச்சை, மூன்று நாளைக்குச் சமைக்க வேண்டாம் என்று சாப்பாடு. சுந்தராம்பாள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். மாமியார் நன்றாயிருக்கிறாள் என்று சொல்லிவிடத்தான் நினைத்தாள். சொன்னால் மறுநாளே இருவரையும் விமானம் ஏற்றிவிடுவார்கள் என்று பயந்து, வாயை மூடிக்கொண்டு தலையைக் குனிந்தாள். பார்த்தவர்களுக்கு அது துக்கமாகத் தெரிந்தது. அவளுக்கு அது வெட்கம்.

அபு ராஷித் நாற்பது நாள் லீவு கொடுத்தார். பாஸ்போர்ட் கைக்கு வரும், அடுத்த நாலாம் நாள் பயணம். சுந்தராம்பாளுக்கு இருந்தது அந்த நாலு நாள்தான்.

பள்ளியில் கூட வேலைபார்த்த வசந்தகுமாரியின் கணவர் ஸ்ரீனிவாசன் இந்தியத் தூதரகத்தில் கிளார்க். சுந்தராம்பாள் அவரிடம் போய் விசாரித்தாள். மனைவியின் பெயரைக் கணவன் பாஸ்போர்ட்டிலிருந்து நீக்கித் தனி பாஸ்போர்ட் தரலாம், ஆனால் இரண்டு காகிதம் வேண்டும் என்றார் அவர். ஒன்று, இவளை நாங்கள் பொறுப்பேற்கிறோம் என்று பள்ளிக்கூடத்தின் கடிதம். மற்றது, எனக்குச் சம்மதம் என்று கணவனின் கையெழுத்து. பள்ளிக் கடிதத்தைப் பிரின்சிபால் அன்றே டைப் அடித்துக் கொடுத்தார். சம்மதக் காகிதத்தை அவள் அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். நான் துபாய் வரவில்லை, இங்கேயே இருக்கப்போகிறேன் என்றாள்.

அவன் கத்துவான் என்றுதான் எதிர்பார்த்தாள். அவன் யோசித்தான். யோசிக்க யோசிக்க அவன் முகம் மலர்ந்தது.

"நல்லதாப் போச்சு. அங்க மொத வருசம் பேச்சுலர் ரூம்தானாம், எகிப்துக்காரன் ஒருத்தன்கூட. நீ இங்க இருந்தா இவங்களுக்கும் சந்தேகம் வராது பாரு. பொண்டாட்டி இங்க இருக்கா, எங்க போயிருவான்னு பாஸ்போர்ட்ட நிம்மதியாக் குடுப்பாங்க."

அதாவது, அவளை அடகு வைத்துவிட்டுப் போகிறான். அதைச் சொல்லுகிறபோது கூச்சம்கூட இல்லை. நல்ல யோசனை என்று மெச்சிக்கொண்டே பேனாவைத் திறந்தான். சுந்தராம்பாளுக்கு அந்தக் காகிதத்தை இழுத்துக் கிழித்துப் போடலாமா என்று வந்தது. கிழிக்கவில்லை. அவள் ஒன்றும் மகாத்மா இல்லை. அவளுக்கு அந்தக் கையெழுத்து வேண்டியிருந்தது. மை காய்கிற வரை பார்த்துக்கொண்டு நின்று, எடுத்து மடித்துப் பையில் வைத்தாள். நாலாம் நாள் காலை அவன் பாஸ்போர்ட்டில் அவள் போட்டோவின் மேல் ரத்து என்று முத்திரை விழுந்தது. அவள் கையில் ஒரு புது நோட்டு இருந்தது. மத்தியானம் அவன் பம்பாய் விமானம் ஏறினான். பம்பாயிலிருந்து பெரியகுளத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் துபாய்க்கு ஏறினான்.

அந்த ஊரில் வீட்டுக்குத் தபால் வராது. தெரிந்த கடையின் தபால் பெட்டி எண்ணுக்குத்தான் எல்லாருக்கும் கடிதம் வரும். சோலைமுத்து வீட்டுக் கடிதங்கள் அலாவுதீன் கடை எண்ணுக்கு வந்துகொண்டிருந்தன. டிசம்பர் கடைசியில் ஒரு நாள் அலாவுதீன் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு நீலக் கடிதம்.

"டீச்சரம்மா, பிரிச்சுப் பாக்கல. அனுப்புனவங்க பேரு மேல இருக்கு. தபாலாபீஸ் முத்திரையில தேதியும் இருக்கு. மவுத்தாப் போனவங்க எழுதியிருக்காங்க."

சுந்தராம்பாள் அங்கேயே பிரித்துப் படித்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கொண்டு மாமியார் எழுதியிருந்தாள். முழங்கால் வலி, கோடாலித் தைலம் இரண்டு புட்டி வேண்டும், முத்துராமனுக்கு எதற்கு டேப் ரெக்கார்டர், அந்தக் காசுக்கு எனக்கு ஒரு ஜார்ஜெட் சேலை அனுப்பக் கூடாதா என்று கேட்டிருந்தாள். சுந்தராம்பாள் எல்லாவற்றையும் அலாவுதீனிடம் சொன்னாள், துபாயையும் சொன்னாள். அவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார். அந்த மஜ்லிஸில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தது நானல்லவா, இவனை நல்ல ஆள் என்று கூட்டிவந்தவனும் நானல்லவா என்றார். அபு ராஷித்திடம் அவரைச் சொல்ல விடவில்லை அவள்; நானே சொல்கிறேன் என்றாள். சொல்கிறேன் என்றவள், நாற்பது நாள் லீவு முடிந்தும் வராதவனைக் கிளப்பில் எதிர்பார்த்துக்கொண்டிருந்தபோதுகூட, ஜனவரி முழுவதும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குத் திருப்புதல் நடக்கிறது என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டாள். சாக்குச் சொல்வதைப் புருஷனிடம் கற்றுக்கொண்டோம் போலிருக்கிறது என்று அவள் மேலேயே அவளுக்குக் கசப்பு.

பிப்ரவரியில் கிளப்புக்குத் துபாயிலிருந்து அவனுடைய ராஜினாமாக் கடிதம் வந்தது. அன்றே அவள் வீட்டைக் காலி செய்து, வசந்தகுமாரி வீட்டில் ஓர் அறைக்குச் சாமான்களை மாற்றிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு உம்மு ராஷித்திடம் போனாள். சாவியைக் கொடுத்தாள். பிறகு, தனக்குத் தெரிந்த இந்தியில், என் மாமியார் சாகவில்லை, அன்றைக்கு எனக்கு அது தெரியும், தெரிந்தே உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்றாள்.

உம்மு ராஷித், "உயிரோட இருக்காங்களா?" என்று மறுபடி கேட்டாள். ஆமாம் என்றதும் "அல்ஹம்துலில்லாஹ்" என்று இறைவனுக்கு நன்றி சொன்னாள். கஹ்வா ஊற்றிக் கொடுத்தாள். அவள் திட்டியிருந்தால் சுந்தராம்பாள் அழாமல் வீடு போய்ச் சேர்ந்திருப்பாள்.

மார்ச் மாதம் துபாயில் வளைகுடாக் கிளப்புகளின் போட்டி. அல் நக்லாவும் போனது. சாமான் பொறுப்பாளராக அலாவுதீனும் போனார். திரும்பி வந்து அவர் சொன்னதை சுந்தராம்பாள் மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

முதல் நாள் ஆட்டமே இந்த இரண்டு கிளப்புக்கும்தான். எதிர்ப்பக்கத்து பெஞ்சில், கழுத்தில் விசிலும் கையில் புதுக் கடிகாரமுமாக டெக்னிகல் டைரக்டர் உட்கார்ந்திருந்தான். மீசை பழையபடி வளர்ந்திருந்தது. விஷயம் தெரிந்தும் அபு ராஷித் பையன்களிடம் வாய் திறக்கவில்லை. அவர்களுக்கு வாத்தியாராக இருந்தவனை அவர்கள் முன்னால் சிறுமைப்படுத்துவானேன் என்று விட்டிருந்தார். கோச் போனது போனதுதான், ஆனால் தாய் இறந்த மனுஷன் என்று பையன்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்துக்கு முன்னால் பன்னிரண்டு பேரும் வரிசையாக அவனிடம் போனார்கள். ஒவ்வொருவனும் கையைப் பிடித்து, நெற்றியில் முத்தமிட்டு, உங்கள் தாயின் துக்கத்துக்கு இறைவன் ஆறுதல் தரட்டும் என்றான். பன்னிரண்டு தடவை. துபாய் ஆட்டக்காரர்கள் வேடிக்கை பார்க்க, சோலைமுத்து பன்னிரண்டு தடவையும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான்.

பக்கத்தில் நின்ற துபாய் மானேஜருக்குக் குழப்பம். ஆட்டம் முடிந்து டீ குடிக்கிறபோது அபு ராஷித்திடம் கேட்டார்: இவருக்கு எத்தனை தாய்? போன வாரம்தான் அம்மா சீரியஸ் என்று தந்தி காட்டி லீவு கேட்டிருக்கிறாரே? அபு ராஷித் டீயை மெதுவாகக் குடித்து முடித்தார். ஒரே தாய்தான், எங்கள் ஊரில் நவம்பரில் இறந்துவிட்டாள், பிப்ரவரியில் பிழைத்துவிட்டாள், இப்போது உங்கள் ஊரில் படுத்திருக்கிறாள் என்றார். மானேஜர் உடனே ஆள்விட்டு விசாரித்தார். குவைத்தில் ஒரு கிளப்போடு சோலைமுத்து அதற்குள் மூன்றாவதாக ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தான். அந்த வாரமே துபாய் அவன் விசாவை ரத்து செய்தது. விஷயம் கடல் தாண்டிக் குவைத்துக்கும் போனது. அவர்களும் கதவைச் சாத்தினார்கள்.

பிள்ளைகள் பரீட்சை எழுதி முடித்தார்கள். ஏப்ரலில் சோலைமுத்து பஹ்ரைன் வந்து இறங்கினான். விமான நிலையத்தில் கொடுக்கிற எழுபத்திரண்டு மணி நேர விசா. நேராக வந்த இடம் பள்ளிக்கூடம். அங்கே உடற்பயிற்சி மாஸ்டர் வேலை காலியாக இருந்தது அவனுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. பிரின்சிபால் அவன் ஆட்டத்தையும் பார்த்தவர், அவன் சரித்திரத்தையும் கேட்டவர். மூன்று வருஷத்துக்கு எடுத்துக்கொள்கிறேன், ஆனால் நடுவில் போக மாட்டான் என்று உன் மனைவி ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். நல்ல டீச்சரின் புருஷன் என்பதால் அவர் இறங்கி வந்தது அவ்வளவு.

நாலாம் நாள் காலை ஆசிரியர் அறையில் அவன் அந்தத் தாளை நீட்டினான். விசா முடிய எட்டு மணி நேரம் இருந்தது. அவன் கையெழுத்து ஏற்கெனவே போட்டாகிவிட்டது. சுந்தராம்பாள் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். அவன் நடுவில் போனால் அவள் வேலையும் போகும் என்று தெளிவாக எழுதியிருந்தது. வேலை போனால் பள்ளிக்கூடம் எடுத்த விசாவும் போகும்.

"ஒரே ஒரு கையெழுத்து, சுந்தரா. மூணு வருசம் கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிரும். நான் மாறிட்டேன்."

இளைத்திருந்தான். சட்டைக் காலர் அழுக்காக இருந்தது. அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. கூடவே, பாவம் பார்க்கச் சொல்லித்தான் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருப்பான் என்றும் தோன்றியது. இப்படித் தோன்றுகிற அளவுக்கு ஒருவனோடு வாழ்ந்துவிட்டோமே என்று வருத்தமாக இருந்தது.

"போட மாட்டேன்," என்றாள்.

"கட்டுன புருசனுக்கு இதுகூடச் செய்ய மாட்டியா?"

"உங்களுக்குக் கையெழுத்துன்னா பேனா எடுத்துப் போடறது, அவ்வளவுதான். நான் போட்டா மூணு வருஷமும் அதுல நிக்கணும். நீங்க நிப்பீங்கன்னு எனக்கே நம்பிக்கை இல்ல. நம்பாததுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவன் பேனாவை இன்னும் நீட்டிக்கொண்டே நின்றான். அவள் வாங்கவில்லை. மணி அடித்ததும் சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு ஒன்பதாம் வகுப்புக்குப் போனாள். அன்று சாயங்கால விமானத்தில் அவன் பம்பாய் போனான். வழியனுப்ப யாரும் போகவில்லை.